நடு நாற்காலி

ஆஸ்பத்திரியில் கொடுத்த படிவத்தை அவள் மளமளவென்று நிரப்பிக்கொண்டே வந்தாள். வயது, நாற்பத்தாறு. தொழில், மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துவது. திருமணம், ஆகவில்லை. சர்க்கரை இல்லை, ரத்த அழுத்தம் இல்லை. கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. 'உடனிருப்பவர், உறவு, தொலைபேசி எண்' என்று அதில் போட்டிருந்தது. பேனாவை மூடி, படிவத்தை அப்படியே கவுண்டரில் நீட்டினாள்.

நர்ஸ் மேலிருந்து கீழாக விரலை ஓட்டிக்கொண்டு வந்து அதே இடத்தில் நிறுத்தினாள். "இது காலியா இருக்கே?"

"கட்டாயம் எழுதணுமா?"

"கர்ப்பப்பையை எடுக்கப் போறாங்க. வார்டுல நாலு நாள் கூட ஆள் இருக்கணும். வீட்டுக்குப் போனா ரெண்டு வாரம் தனியா இருக்கக் கூடாது. ஆள் இல்லாம டாக்டர் தேதி கொடுக்க மாட்டார். உங்களுக்குச் சொந்தம்னு யாருமே இல்லையா?"

"இருக்காங்க. நிறையப் பேர் இருக்காங்க."

நர்ஸ் அவளை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு ஒரு துண்டுச் சீட்டில் அறை எண்ணை எழுதிக் கொடுத்து, "மாடியில சமூகப் பணியாளர் இருப்பாங்க. அவங்களைப் பாத்துட்டு வாங்க" என்றாள்.

ஒரு காலத்தில் சாமான் போட்டு வைத்த அறையாக இருந்திருக்க வேண்டும் அது. சுவரில் அலமாரிகளைப் பெயர்த்தெடுத்த தடம் இன்னும் இருந்தது. ஜன்னலைத் திறந்தால் ஜெனரேட்டர் சத்தம், மூடினால் புழுக்கம். சமூகப் பணியாளருக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். நல்ல ஜலதோஷம். மூக்கு சிவந்து, வெந்நீர் பிளாஸ்க்கைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"கிட்ட வராதீங்க, ஒட்டிக்கும்" என்று சொல்லிவிட்டு ஒரு வெள்ளைத் தாளை மேஜையில் விரித்தாள். "உங்க வீட்டை ஒரு படமா போடலாமா? சதுரம்னா ஆம்பள, வட்டம்னா பொம்பள. நீங்க சொல்லச் சொல்ல நான் போடறேன்."

அவள் சொன்னாள். அப்பா, சதுரம் போட்டு, இறந்துபோனதால் அதன் குறுக்கே ஒரு பெருக்கல் குறி. அம்மா ஒரு வட்டம். கீழே மூன்று பிள்ளைகள்: அண்ணன், நடுவில் அவள், தம்பி. அண்ணன் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அம்மா அவரோடு இருக்கிறாள். அண்ணனுக்குப் பக்கத்தில் அண்ணி. தம்பி லிப்ட் மெக்கானிக். ஐந்து வருஷமாக இதே ஊரில்தான், மனைவியோடும் ஒரு பையனோடும் வேறு வீட்டில் இருக்கிறான்.

"இப்ப யாருக்கும் யாருக்கும் எப்படின்னு சொல்லுங்க. ஒட்டுதலா இருந்தா ரெட்டைக் கோடு. சண்டைன்னா வளைஞ்சு வளைஞ்சு ஒரு கோடு."

"அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒன்பது வருஷமா பேச்சே கிடையாது."

வளைந்து வளைந்து ஒரு கோடு விழுந்தது.

"அப்ப வீட்ல ஒரு விஷயம்னா அவங்களுக்குள்ள எப்படித் தெரியும்?"

"நான் சொல்லுவேன்."

அவள் வாயை மூடவில்லை, கைபேசி அடித்தது. அம்மா. "ஏண்டி, சின்னவன் பிள்ளைக்குக் காய்ச்சல்னியே, இறங்கிடுச்சா? நான் கேட்டேன்னு சொல்லு. உன் அண்ணன் பக்கத்து ரூம்ல இருக்கான், சத்தமா பேசாத." அதை வைத்த கையோடு அண்ணன். "அம்மாவைக் கண் டாக்டர்கிட்ட காட்டணும். சனிக்கிழமை அந்தத் துரைக்குத் தோதுப்படுமான்னு கேளு. நான் கேட்டதா சொல்ல வேணாம்." இரண்டு நிமிஷம் கழித்துத் தம்பி. "அக்கா, அம்மாவுக்குக் கண் எப்படி இருக்கு? பெரிய மனுஷன் ஏதாவது பாக்கறாரா, இல்ல சும்மா இருக்காரா?"

ஒவ்வொரு அழைப்புக்கும் சமூகப் பணியாளர் பென்சிலால் ஒரு அம்புக்குறி போட்டாள். எல்லாம் நடுவிலிருந்த வட்டத்துக்குள் நுழைந்து மறுபக்கம் வெளியே போயின. கால்மணி நேரத்தில் அந்த வட்டம் கருத்துப்போய், அது இருப்பதே தெரியவில்லை.

"அவங்க சொல்றதை அப்படியே போய்ச் சொல்லுவீங்களா?"

"அப்படியே சொன்னா வீடு பத்திக்கும் மேடம்" என்று அவள் சிரித்தாள். "அண்ணன், 'அந்தத் துரை'ன்னு ஆரம்பிப்பார். நான் போய், 'அண்ணன் உன்னை விசாரிச்சார்டா'ம்பேன். தம்பி, 'அவர் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்'பான். நான் போய், 'தம்பிக்கு இந்த வாரம் வேலை ஜாஸ்தியாம்'னு சொல்லுவேன்."

சொல்லும்போது அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. சின்ன வயசிலேயே அப்பா அவளுக்கு 'டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்' என்று பட்டப்பெயர் வைத்திருந்தார். அப்பாவும் அம்மாவும் முறைத்துக்கொண்டால், 'உன் அப்பா சாப்பிட வராரான்னு கேளு', 'எனக்குப் பசியில்லன்னு சொல்லு' என்று இரண்டு அறைகளுக்கும் நடுவே ஓடிக்கொண்டிருந்தது அவள்தான். பசியில்லை என்பதை, 'அஞ்சு நிமிஷத்துல வராராம்மா' என்று மாற்றிச் சொன்னால் சாயங்காலத்துக்குள் இருவரும் ராசியாகிவிடுவார்கள் என்பது ஏழு வயதிலேயே பிடிபட்டுவிட்டது.

"சரி, இந்த ஆபரேஷனை யார்கிட்ட சொல்லியிருக்கீங்க?"

"யார்கிட்டயும் இல்ல."

"ஏன்?"

"முதல்ல யார்கிட்ட சொல்றது? அண்ணன்கிட்ட சொன்னா தம்பி கோவிச்சுப்பான். தம்பிகிட்ட சொன்னா அண்ணனுக்கு மரியாதைக் குறைச்சல். அம்மாகிட்ட சொன்னா அம்மா போய்ப் படுத்துக்குவாங்க. அப்புறம் அவங்களை நான் தேத்தணும். எனக்கு இப்ப அந்தத் தெம்பு இல்ல."

சமூகப் பணியாளர் மூக்கைத் துடைத்துக்கொண்டு தாளைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள். "நீங்க சொல்ல வேணாம். நான் சொல்றேன். எல்லாரையும் இதே ரூமுக்குக் கூப்பிடறேன். ஒரே நேரத்துல, ஒரே வார்த்தை. எல்லார் காதுலயும் ஒண்ணா விழட்டும்."

"ரெண்டு பேரும் ஒரே ரூமுக்குள்ள வர மாட்டாங்க."

"ஆஸ்பத்திரியில இருந்து கூப்பிட்டா வருவாங்க. இல்லன்னா தேதி கிடைக்காது."

வேறு வழியில்லாமல் அவள் தலையாட்டினாள்.

கடையின் பின்கட்டில் அவளுக்கென்று ஓர் அறை. அறை என்று சொல்வதுகூட மரியாதைக்குத்தான். ஒரு மேஜை, ஒரு விளக்கு, லென்ஸின் விளிம்பைத் தேய்க்கும் இயந்திரம், அது கக்கும் வெள்ளைச் சேறு வடியும் ஒரு குழாய். முன்பக்கம் வாடிக்கையாளர்கள் ப்ரேம் போட்டுப் பார்த்துச் சிரிக்கும் சத்தம் கேட்கும், முகம் தெரியாது. லென்ஸின் நடுவைக் கண்டுபிடித்து ஒரு புள்ளி வைத்து, அதைக் கண்ணின் பாவைக்கு நேராக வரும்படி பொருத்த வேண்டும். இரண்டு மில்லிமீட்டர் விலகினால் போட்டவருக்குத் தலைவலி. இருபது வருஷத்தில் அவளிடமிருந்து போன கண்ணாடி திரும்பி வந்தது ரொம்பக் குறைவு.

அந்த வாரம் மூன்று கண்ணாடிகள் திரும்பி வந்தன. கடைக்காரர் ஒன்றும் சொல்லாமல் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். மூன்றிலும் புள்ளி விலகியிருந்தது. ஆபரேஷன் பயம் இல்லை. அண்ணனும் தம்பியும் ஒரே அறையில் உட்கார்ந்து நேருக்கு நேர் பேசினால் என்ன வெளியே வரும் என்பது இந்த உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அப்பாவைச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரியிலிருந்து அண்ணன் கூப்பிட்டார். "டாக்டர் கையை விரிச்சுட்டாங்க. ரெண்டு மூணு நாள்தானாம். தம்பியை உடனே கிளம்பி வரச் சொல்லு." தம்பி அப்போது ஒருநாள் முழுக்கப் பயணம் செய்தால்தான் வந்து சேர முடிகிற தூரத்தில் இருந்தான். மனைவிக்குப் பிரசவமாகி நாலு நாள். இவள் கூப்பிட்டபோது பின்னால் பிள்ளை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. தம்பி, "கேக்குதாக்கா உன் மருமகன் தொண்டை?" என்று விழுந்து விழுந்து சிரித்தான். சொல்ல வந்தது அவளுடைய நாக்கு நுனிவரை வந்தது. வந்து, வழக்கம்போல உருமாறிவிட்டது. "அப்பாவுக்கு லேசா முடியல. பயப்பட ஒண்ணும் இல்லடா. ஞாயித்துக்கிழமை வாக்குல வந்து பாத்துட்டுப் போ."

அப்பா வியாழக்கிழமை மத்தியானம் போய்விட்டார். தம்பி வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வாசலில் நின்றபடியே அண்ணனைப் பார்த்து, "கடைசி வரைக்கும் மறைச்சுட்டீங்க இல்ல" என்றான். அண்ணன், "வர மனசு இருக்கிறவன் வருவான்" என்றார். அவ்வளவுதான் பேச்சு. இருவருக்கும் நடுவில் அவள் ஒரு தண்ணீர் டம்ளரோடு நின்றாள். அன்றைக்கே வாயைத் திறந்திருக்கலாம். மறுநாள் அது கஷ்டமாக இருந்தது. ஒரு வாரம் கழித்து முடியவே முடியாததாகிவிட்டது. அதற்குப் பிறகு இருவரும் அவளிடம்தான் பேசினார்கள். தான் உண்டாக்கிய பள்ளத்துக்குத் தானே பாலமாகக் கிடந்தாள். எத்தனையோ தடவை, இதைவிட அதிகமாக யார் இவர்களுக்குச் செய்துவிட முடியும் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டிருக்கிறாள்.

புதன்கிழமை பத்தரை மணிக்கு எல்லோரும் வந்துவிட்டார்கள். அண்ணன் கதவோரம். பக்கத்தில் அம்மா. அதற்கடுத்து அண்ணி. தம்பி கருவிப் பையை இறக்காமல் ஜன்னலோரம் நின்றான், அப்புறம் உட்கார்ந்தான். மீதி இருந்த நாற்காலி நடுவில். யாரும் சொல்லாமலே அவள் போய் அதில் உட்கார்ந்தாள்.

சமூகப் பணியாளர் சுற்றி வளைக்கவில்லை. "இவங்க கர்ப்பப்பையில கட்டி இருக்கு. ரத்தப்போக்கு ரொம்ப அதிகம். புற்றுநோய் இல்ல. கூட ஆள் இருந்தா வர்ற திங்கட்கிழமையே ஆபரேஷன். நாலு நாள் கூட ஒருத்தர் இருக்கணும்."

அம்மா கைக்குட்டையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள். அண்ணன் அவள் பக்கம் திரும்பினார். "இதை ஏன் என்கிட்ட சொல்லல? அவனுக்குத் தெரியுமா? கேளு."

ஆறடி தூரத்தில் இருந்த தம்பியும் அவளைப் பார்த்தே சொன்னான். "எனக்கும் இப்பத்தான் தெரியும்னு சொல்லு."

அவள் அண்ணன் பக்கம் திரும்பி, "அண்ணா, தம்பிக்கும் இப்பத்தான்..." என்று ஆரம்பித்தாள். அண்ணி சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகை இல்லை, சிரிப்பு.

சமூகப் பணியாளர் எழுந்து வந்தாள். "அக்கா, உங்க நாற்காலியை எடுத்துக்கிட்டு என் பக்கத்துல வந்து சுவரோரமா உட்காருங்க."

நாற்காலி தரையில் உராய்ந்த சத்தம் அவளுக்கே கூசிற்று. இப்போது அண்ணனுக்கும் தம்பிக்கும் நடுவில் வெறும் தரைதான். இருவரும் அந்தத் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இப்ப கேளுங்க. நேராவே கேளுங்க" என்றாள் சமூகப் பணியாளர்.

அண்ணன் தொண்டையைச் செருமினார். "திங்கட்கிழமை... லீவு கிடைக்குமா?"

"கிடைக்கும்."

ஒன்பது வருஷத்தில் அவர்களுக்குள் நடந்த முதல் பேச்சு அது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. இதோடு போதும், இதோடு எழுந்து எல்லோரும் வீட்டுக்குப் போய்விடலாம் என்று வாய்விட்டுச் சொல்ல இருந்தாள். தம்பி முந்திக்கொண்டான்.

"இந்தத் தடவையாவது நேரத்துக்குத் தெரிஞ்சுதே."

"என்ன சொல்ற நீ?"

"அப்பா விஷயத்துல எனக்கு எப்பத் தெரிஞ்சுதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"செவ்வாய்க்கிழமை காலையிலயே சொல்லச் சொன்னேனே. டாக்டர் ரூம்ல இருந்து வெளிய வந்ததும் முதல் வேலையா அதைத்தான் செஞ்சேன். ரெண்டு மூணு நாள்தான்னு சொல்லி, உடனே கிளம்பச் சொல்லுன்னு சொன்னேன்."

"செவ்வாய்க்கிழமை எனக்கு வந்த சேதி, லேசா முடியல, ஞாயித்துக்கிழமை வந்தா போதும்னு."

"யார் சொன்னா அப்படி?"

தம்பி சுவரோரம் இருந்தவளைப் பார்த்தான். அண்ணன் மெதுவாகத் திரும்பினார். அம்மா கைக்குட்டையை இறக்கினாள். சமூகப் பணியாளரின் கையில் பென்சில் அப்படியே நின்றது. இப்படியொரு திருப்பத்தை அவளும் எதிர்பார்க்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"நான்தான் அப்படிச் சொன்னேன்" என்றாள் அவள்.

"அப்பா பிழைக்க மாட்டார்னு அப்ப உனக்குத் தெரியுமா?" தம்பியின் குரல் ரொம்ப மெல்ல இருந்தது.

"தெரியும்."

அவன் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே போனான். கதவைச் சாத்தக்கூட இல்லை. அண்ணன் இரண்டு முழங்கைகளையும் முட்டியில் ஊன்றிக் குனிந்துகொண்டார். "இத்தனை வருஷமா அவனை நான் என்னென்ன பேசியிருக்கேன்" என்றார், யாரிடம் என்றில்லாமல். அம்மா அவளைப் பார்த்தாள். பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அம்மா இதற்குமுன் ஒருநாளும் அவளிடமிருந்து அப்படி முகத்தைத் திருப்பிக்கொண்டதில்லை.

கடைசியில் அண்ணிதான் கேட்டாள். "திங்கட்கிழமை எத்தனை மணிக்கு வரணும்? நான் இருக்கேன்."

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. நாலு நாளும் அண்ணி வார்டில் இருந்தாள். கட்டிலுக்கடியில் பாயைச் சுருட்டி வைத்துக்கொண்டு, வந்துபோகும் நர்ஸ்களிடம் பேர் சொல்லிப் பேசிக்கொண்டு, அவளுக்குத் தலைவாரிவிட்டு. இருபத்திரண்டு வருஷமாக ஒரே குடும்பத்தில் இருந்தும் இருவரும் தனியாக உட்கார்ந்து பேசியது அதுதான் முதல் தடவை.

"உங்க வீட்டு ஆளுங்க பேசறது எனக்குக் கல்யாணமான புதுசுலயே புரியல" என்றாள் அண்ணி, ஆரஞ்சுச் சுளைகளிலிருந்து நாரை எடுத்தபடி. "எங்க வீட்ல கத்துவாங்க, தட்டு பறக்கும், சாயங்காலம் எல்லாரும் ஒண்ணா உட்கார்ந்திருப்பாங்க. இங்க எல்லாம் மெல்லமா, அழகா இருக்கும். எதுவும் யாருக்கும் தெரியாது. ஒருநாள் உன் அண்ணன், நான் நல்லா சமைக்கறேன்னு சொன்னாருன்னு நீ வந்து சொன்னே. நிஜமாவே சொன்னாரா?"

அவள் கூரையைப் பார்த்தாள். "இல்ல அண்ணி."

"அதான பாத்தேன்" என்று அண்ணி சுளையை அவள் வாயில் வைத்தாள். கோபமில்லை. ஆனால் அடுத்த சுளையைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

அண்ணன் தினமும் சாயங்காலம் வந்து கட்டில் கால்மாட்டில் நின்று, அங்கே தொங்கும் அட்டையைப் பரீட்சைத் தாள் திருத்துவதுபோல் படித்துவிட்டுப் போவார். அம்மா வரவில்லை. தம்பியும் வரவில்லை.

வீட்டுக்கு வந்தபின் அண்ணி இரண்டு வாரம் காலையில் வந்து பொழுதுசாயப் போனாள். அப்புறம் அவள் தனி. ஓர் அறை, ஒரு சமையற்கட்டு, துணி காயப்போட ஒரு கம்பி. கைபேசி தலையணைப் பக்கத்திலேயே கிடந்தது. முன்பெல்லாம் ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது அடிக்கும். சோற்றைப் பிசைந்த கையோடு எடுத்திருக்கிறாள், சோப்பு நுரையோடு எடுத்திருக்கிறாள், 'ஒரு வாய் நிம்மதியா சாப்பிட விடுறீங்களா' என்று சலித்திருக்கிறாள். இப்போது அது அடிக்கவில்லை. சத்தத்தைக் குறைத்து வைத்துவிட்டோமோ என்று எடுத்து எடுத்துப் பார்த்தாள். அடுத்த வீட்டில் மணி அடித்தால் இவள் கை நீண்டது.

சேதிகள் அண்ணி வழியாகத்தான் வந்தன. தம்பி வந்தானாம். அண்ணனும் அவனும் பால்கனியில் ரெண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்களாம். அம்மாவைக் கண் டாக்டரிடம் இரண்டு பேருமே கூட்டிக்கொண்டு போனார்களாம். தம்பி பையனுக்கு அண்ணன் பின்னம் சொல்லித் தருகிறாராம். அம்மா இப்போது சின்னவனுக்குத் தானே நம்பரைப் போட்டுப் பேசுகிறாளாம்.

"சந்தோஷமா இருக்கு அண்ணி" என்றாள் அவள். பொய்யில்லை. உண்மையிலேயே சந்தோஷமாகத்தான் இருந்தது. கைபேசியை வைத்த பிறகு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். தான் இல்லாமல் ஒரு குடும்பம் சேர்ந்துவிட்டது; அதுவும், தான் இல்லாததால் சேர்ந்துவிட்டது. அதை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அப்படியே உட்கார்ந்திருந்ததில் உலைக்கு வைத்த தண்ணீர் வற்றிப் பாத்திரம் கருகிற்று.

ஐந்தாவது வாரம் சமூகப் பணியாளர் கூப்பிட்டாள். "தையல் ஆறிடுச்சாக்கா?"

"ஆறிடுச்சு மேடம். ஆனா என் வேலை போச்சு."

"கடையில எடுத்துட்டாங்களா?"

"கடை வேலை இல்ல. அடுத்த வாரம் அங்க போகலாம். நான் சொன்னது வீட்டு வேலை."

சமூகப் பணியாளர் 'ம்' என்றாள். பிறகு, "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு எல்லாரையும் கூப்பிடறதுக்கு முன்னாடி, நான் உங்ககிட்ட தனியா இன்னும் ரெண்டு மூணு தடவை பேசியிருக்கணும். சண்டை எதனாலன்னு கேக்கவே இல்ல. தேதி கிடைக்கணுமேன்னு அவசரப்பட்டுட்டேன். அது என் தப்பு" என்றாள்.

அவள் பதறிப்போய், "அய்யோ, அப்படியெல்லாம் இல்ல மேடம், நீங்க நல்லதுதானே..." என்று வழக்கம்போல் பூச ஆரம்பித்தாள்.

"இல்லக்கா. தப்புதான்."

அவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். ஒருத்தி தன் தப்பைச் சும்மா சொல்லிவிட்டாள். அதன்மேல் எதையும் தடவவில்லை. சொன்ன பிறகும் ஜன்னல் ஜன்னலாகத்தான் இருந்தது, வெளியே பஸ் போய்க்கொண்டுதான் இருந்தது.

மறுநாள் காலை அவள் தம்பியைத் தேடிப் போனாள். பழைய அலுவலகக் கட்டடம் ஒன்றில் வேலை என்று அண்ணி சொல்லியிருந்தாள். கீழ்த்தளத்தில் லிப்ட் கதவு திறந்து கிடந்தது. முன்னால் 'பழுது' என்று ஒரு பலகை. தம்பி குழிக்குள் இடுப்பளவு இறங்கி நின்று, நெற்றி விளக்கின் வெளிச்சத்தில் எதையோ முடுக்கிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் விளக்கை அணைத்தான். மேலே வரவில்லை.

"அப்பா உன்னைக் கேட்டார்" என்றாள் அவள். வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்த முன்னுரை ஒன்றும் வரவில்லை. "புதன்கிழமை ரெண்டு தடவை கேட்டார். 'சின்னவன் கிளம்பிட்டானா'ன்னார். கிளம்பிட்டான்னு சொன்னேன். அவர்கிட்டயும் பொய்தான் சொன்னேன்."

தம்பி ஸ்பேனரைக் குழியின் விளிம்பில் வைத்தான். கோப்புகளை அணைத்துக்கொண்டு வந்த ஒருவர், "எப்பங்க சரியாகும்?" என்று கேட்டார். "அரை மணி நேரம்" என்றான். அவர் போகும்வரை காத்திருந்தான்.

"ஏன்க்கா?"

"உன் குரல்ல அவ்வளவு சந்தோஷம். அதைக் கெடுக்கிற ஆளா இருக்க எனக்குப் பிடிக்கல."

"அதை நான்ல முடிவு பண்ணியிருக்கணும்."

"ஆமா."

அவன் இன்னும் ஏதாவது வரும் என்று காத்திருப்பதுபோலப் பார்த்தான். சின்ன வயதிலிருந்து அவனுக்குப் பழக்கமான அந்த வார்த்தைகள், 'உன் நல்லதுக்குத்தான்', 'அண்ணனும் பாவம்' என்று ஏதாவது. அவள் ஒன்றும் சொல்லவில்லை.

"கோபம் போயிடுச்சுன்னு சொல்ல மாட்டேன்" என்றான்.

"சொல்லாத."

"கொஞ்ச நாளாகும்."

"சரி."

கொஞ்ச நாள் என்றால் எத்தனை என்று அவள் கேட்கவில்லை. திரும்பி நடந்தபோது பின்னாலிருந்து அவன் குரல் வந்தது. "அந்தப் பக்க வாசல்ல படி இருக்கு. அதுல போகாத. வந்த வழியா போ." விளக்கு மறுபடி எரிந்தது. அவன் குனிந்துகொண்டான்.

வீட்டுக்கு வந்து வெகுநேரம் அசையாமல் படுத்திருந்தாள். மத்தியானம் தாண்டியதும் தானாகவே அம்மாவின் நம்பரைப் போட்டாள். நாலைந்து தடவை மணி அடித்த பிறகுதான் அம்மா எடுத்தாள்.

"நான்தாம்மா."

"தெரியுது." பிறகு, இருந்த வீறாப்பையும் மீறி, "சின்னவனைப் பாக்கப் போனியாமே. உன் அண்ணி சொன்னா. என்ன சொன்னான்? கோபமா இருக்கானா?"

'இல்லம்மா, சரியாயிட்டான்' என்பது அவள் நாக்கில் தயாராக இருந்தது. ஒரு வார்த்தை, அம்மா இன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்குவாள். அவள் அதை விழுங்கிக்கொண்டாள்.

"அதை நீயே அவன்கிட்ட கேளும்மா."

"அப்ப நீ எதுக்குக் கூப்பிட்ட?"

"சும்மாதான்."

சும்மா வந்த அழைப்பை என்ன செய்வதென்று அம்மாவுக்குத் தெரியவில்லை. இவளுக்கும் தெரியவில்லை. ஒன்பது வருஷம் தினமும் பேசியிருக்கிறார்கள். பெரியவனைப் பற்றி, சின்னவனைப் பற்றி, மருமகள்களைப் பற்றி, பேரனின் காய்ச்சலைப் பற்றி. இப்போது இருவருக்கும் நடுவில் வேறு யாரும் இல்லை. பேச எடுத்தால் ஒன்றும் கைக்கு அகப்படவில்லை. அம்மா மூச்சு விடுவது மட்டும் கேட்டது. வைத்துவிடுவாள் என்று நினைத்தாள்.

"எனக்கும் உன்மேல கோபம் இருக்கு" என்றாள் அம்மா.

"தெரியும்மா."

"இவ்வளவு நாள் என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கலாம்."

"சாப்பிட்டியா?"

"இல்ல. சமைக்கல. ரொம்ப நேரம் நின்னா வயிறு இழுக்குது." ஒரு கணம் தயங்கினாள். "வலிக்குதும்மா."

ஆபரேஷன் ஆனதிலிருந்து யாரிடமும் அவள் அதைச் சொல்லியிருக்கவில்லை. அண்ணியிடம்கூட, 'பரவாயில்ல, தாங்கிக்கலாம்' என்றுதான் சொன்னாள். அந்தப் பக்கம் அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது.

"எந்தப் பக்கம்?" என்றாள் அம்மா.

"இடது பக்கம். அடியில" என்றாள் அவள், அந்த இடத்தின்மேல் கையை வைத்துக்கொண்டு.